முந்திக்கொண்டு ஓடும் தண்ணீர்: தாக்கக்கலனுக்குள் நடப்பதைக் கணினி எவ்வாறு காட்டுகிறது

ஏ9 வீதியில் கிளிநொச்சியிலிருந்து ஆனையிறவை நோக்கிச் செல்பவர்கள், முல்லைத்தீவு வீதி பிரியும் பரந்தன் சந்தியைக் கடக்கிறார்கள். இளையவர்களுக்கு அது வழியில் வரும் ஒரு சந்தி; மூத்த தலைமுறைக்கோ அது இரசாயனத் தொழிற்சாலையின் ஊர். ஆனையிறவு உப்பளத்தின் உப்பை நீரில் கரைத்து, அக்கரைசலை மின்பகுத்து, எரிசோடாவையும் குளோரீனையும் அங்கே உற்பத்தி செய்தார்கள். 1950களில் தொடங்கிய அந்த உற்பத்தி போர்க்காலத்தில் நின்றுபோனது. ஆலையோடு இரசாயனப் பொறியியலும் வன்னியை விட்டுப் போய்விட்டதாக நினைப்பவர்கள் உண்டு. அந்த நினைப்பு சரியல்ல. குளத்து நீரை வடித்து, குளோரீன் சேர்த்து, குழாய்வழி வீடுகளுக்கு அனுப்பும் சுத்திகரிப்பு நிலையத்தில், குளோரீன் தன் வேலையைச் செய்வதற்காக நீரைச் சிறிது நேரம் தங்கவைக்கும் தொட்டி ஒன்று இருக்கும். கோபுரமோ புகைபோக்கியோ இல்லாத, சீமெந்தால் கட்டிய அந்தத் தொட்டியும் ஓர் இரசாயனத் தாக்கக்கலன்தான், அதாவது இரசாயனத் தாக்கம் நடைபெறும் கலன். அதன் உள்ளே தண்ணீர் எப்படி ஓடுகிறது என்பதே குளோரீன் கிருமியைக் கொல்லுமா, கொல்லாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

தாக்கக்கலன் ஒன்றை வடிவமைப்பவர் முதலில் கேட்பது, வரும் பொருள் எவ்வளவு நேரம் உள்ளே தங்கும் என்பதையே. 10 மீற்றர் நீளமும் 10 மீற்றர் அகலமும் 3 மீற்றர் ஆழமும் கொண்ட ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 300 கனமீற்றர். நிமிடத்துக்கு 10 கனமீற்றர் நீர் அதனுள் வந்து, அதே அளவு வெளியேறினால், தங்கும் நேரம் 30 நிமிடம். பி.எச். பெறுமானம் 8க்குக் குறைவான நீரில், குறைந்தது 30 நிமிடத் தொடுகைக்குப் பின், லீற்றருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் குறையாமல் சுயாதீனக் குளோரீன் எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆகவே காகிதத்தில் இந்தத் தொட்டி தேறிவிடுகிறது.

ஆனால் 30 நிமிடம் என்பது சராசரி மட்டுமே. ஒரு துளி 5 நிமிடத்தில் வெளியேறி, இன்னொரு துளி 55 நிமிடம் மூலையில் கிடந்தாலும் சராசரி 30தான். பாடப்புத்தகங்கள் இந்தச் சிக்கலை இரண்டு இலட்சியக் கலன்களைக் கொண்டு கடக்கின்றன. ஒன்றில், நீர் அணிவகுத்துச் செல்கிறது. முன்னால் வந்தது முன்னால் போகும், எந்தத் துளியும் மற்றதை முந்தாது. மற்றையதில், உள்ளே வந்த கணத்திலேயே நீர் முழுவதும் கலந்துவிடுகிறது. அதனால் இப்போது நுழைந்த துளிக்கும் நேற்று நுழைந்த துளிக்கும் வெளியேறும் வாய்ப்பு ஒன்றே. இரண்டுக்கும் சராசரித் தங்கும் நேரம் 30 நிமிடம் என்றாலும், முழுக்கலப்புத் தொட்டியில் நீரின் பத்திலொரு பங்கு ஏறக்குறைய 3 நிமிடத்துக்குள்ளேயே வெளியேறிவிடுகிறது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைக் கிருமிகளின் கணக்கில் பார்க்கலாம். 1908இல் ஹரியற் சிக் என்ற ஆய்வாளர், கிருமிநாசினி ஒன்றின் முன்னால் உயிரோடு எஞ்சியிருக்கும் கிருமிகளின் எண்ணிக்கை, முதலாம் வரிசைத் தாக்கம் ஒன்றைப் போலவே, அதாவது ஒவ்வொரு நிமிடமும் எஞ்சியிருப்பதில் ஒரே பங்கு அழியும் வகையில், நேரத்தோடு குறைகிறது என்று காட்டினார். அந்த விதிப்படி, அணிவகுப்புப் பாய்ச்சலில் நூறு கிருமிகளில் ஒன்று மட்டுமே தப்பும் வகையில் குளோரீன் அளவைத் தெரிவுசெய்தோம் என்று வைத்துக்கொள்வோம். அதே குளோரீன், அதே 300 கனமீற்றர், அதே 30 நிமிடம். ஆனால் தொட்டி முழுக்கலப்பு வகை என்றால் நூறில் பதினெட்டுத் தப்பிவிடும். இரசாயனத்தில் எதுவும் மாறவில்லை, தண்ணீர் நடந்த வழி மட்டுமே மாறியிருக்கிறது.

நிஜத் தொட்டி இந்த இரண்டில் எதுவும் அல்ல. குளத்தோடு பழகியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. துருசைத் திறந்துவிட்டால் குளத்து நீர் முழுவதும் ஒரே சீராக அதை நோக்கி வருவதில்லை. அது தனக்கென்று ஒரு தடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஓடும் தடம் ஒரு பக்கம் இருக்க, அலைகரையின் ஒதுக்கங்களில் பாசி படர்ந்து ஆம்பல் பூத்திருக்கும் தண்ணீர் அசையாமல் கிடக்கும். தொட்டிக்குள்ளும் இதுவே நடக்கிறது. நுழைவாயிலிலிருந்து வெளிவாயிலுக்கு நேரே ஒரு குறுக்குவழி உருவாகிறது. மூலைகளில் தேங்கிய நீர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதே தவிர, வேலைக்குச் சேர்வதில்லை. கணக்கில் 300 கனமீற்றராக இருப்பது, ஓட்டத்துக்கு 150 கனமீற்றராகவும் இருக்கக்கூடும்.

இந்த ஒழுங்கின்மையை அளக்க ஒரு முறையை 1953இல் பீட்டர் டாங்க்வேர்ட்ஸ் எழுதிவைத்தார். நுழைவாயிலில் ஒரு தடங்காட்டிப் பொருளைச் சேர்த்து, வெளிவாயிலில் அது எப்போது, எவ்வளவு வருகிறது என்று அளந்தால், துளிகளின் தங்குநேரப் பரம்பல், அதாவது எவ்வளவு பங்கு நீர் எவ்வளவு நேரம் உள்ளே தங்கியது என்ற விபரம், கிடைத்துவிடும். இந்த டாங்க்வேர்ட்ஸ், இரண்டாம் உலகப் போரில் இலண்டன் மீது வான்குடைகளில் வந்திறங்கிய வெடிகண்ணிகளைச் செயலிழக்கச் செய்தமைக்காக ஜோர்ஜ் சிலுவை என்ற பிரித்தானிய வீர விருதைப் பெற்றவர். கண்ணிவெடி அகற்றிய பின்னரே வயலில் கால்வைக்க முடிந்த மண்ணிலிருந்து எழுதும்போது, இதைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை. அவருடைய முறையே இன்றும் நடைமுறையில் நிற்கிறது. நீரின் முதற் பத்திலொரு பங்கு வெளியேற எடுக்கும் நேரத்தைச் சராசரி நேரத்தால் வகுத்து, அந்த விகிதத்தை அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் தரப்படுத்தியுள்ளது: நீரை மடக்கி ஓடவிடும் இடைச்சுவர் எதுவும் இல்லாத தொட்டிக்கு 0.1, குறைபாடான அமைப்புக்கு 0.3, நடுத்தரத்துக்கு 0.5, சிறந்ததற்கு 0.7. நமது தொட்டியில் 0.3 என்றால், பாதுகாப்பாக நம்பக்கூடிய தொடுகை நேரம் 30 அல்ல, 9 நிமிடம்.

ஆனால் இந்த அளவீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. நீர் முந்திக்கொண்டு வந்துவிட்டது என்று அது சொல்லும். எந்த வழியால் வந்தது, எந்தச் சுவரை எங்கே வைத்தால் அந்த வழி அடைபடும் என்று சொல்லாது. மேலும் அளப்பதற்குத் தொட்டி முதலில் கட்டப்பட்டிருக்க வேண்டும். கட்டுவதற்கு முன்னரே உள்ளே பார்க்க உதவுவதுதான் கணினிவழிப் பாயி இயக்கவியல். திரவத்துக்கும் வாயுவுக்கும் பொதுவாகப் பாயி என்பது நமது உயர்தரப் பாடநூல்களின் வழக்கு. துறையில் இருப்பவர்கள் ஆங்கில முதலெழுத்துகளால் சி.எஃப்.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள்.

அதன் அடிப்படை, வயலுக்கு நீர் கட்டியவர்களுக்குப் புதிதல்ல. வரம்புகளால் பிரிக்கப்பட்ட வயலில், ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு கணக்கு உண்டு: மேல் வரம்பின் வாயால் வந்த நீரிலிருந்து கீழ் வரம்பின் வாயால் போன நீரைக் கழித்தால், பாத்தியில் ஏறிய மட்டம் வரும். சி.எஃப்.டி. தொட்டியின் முழு இடத்தையும் இப்படிச் சின்னஞ்சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இந்தக் கணக்கை எழுதுகிறது. நீரின் திணிவுக்கு ஒரு கணக்கு, மூன்று திசைகளிலும் உந்தத்துக்குத் தனித்தனிக் கணக்கு, வெப்பத்துக்கு ஒன்று, குளோரீனுக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று. இரசாயனப் பொருளின் கணக்கில் வந்ததும் போனதும் மட்டுமல்ல, அந்தப் பாத்திக்குள்ளேயே தாக்கத்தால் உண்டானதும் அழிந்ததும் சேர்கின்றன. உந்தக் கணக்கின் சமன்பாடுகளை 1822இல் நேவியரும் 1845இல் ஸ்டோக்ஸும் எழுதிவிட்டார்கள். ஆனால் அமுக்கத்துக்கென்று தனிச் சமன்பாடு இல்லாததால், அவற்றைக் கணினியில் தீர்ப்பது நெடுங்காலம் பெரும் தொல்லையாக இருந்தது. முதலில் அமுக்கத்தை ஊகித்து, அதிலிருந்து வேகத்தைக் கணித்து, நீர்க் கணக்கு எவ்வளவு பிசகுகிறது என்று பார்த்து அமுக்கத்தைத் திருத்தி, பிசகு அடங்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யும் வழியை, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பணியாற்றிய ஸ்போல்டிங்கும் இந்தியாவிலிருந்து சென்ற சுகாஸ் படாங்கரும் 1972இல் வெளியிட்டார்கள். இன்றைய மென்பொருட்கள் பலவற்றின் உள்ளே இயங்குவது அந்த வழிதான், அல்லது அதன் வழித்தோன்றல்.

பாத்தியைத் துறையில் வலைக்கண் என்றும் சொல்லலாம். அந்த உவமை இன்னும் பொருத்தமானது. முல்லைத்தீவுக் கரையில் வலையின் கண்ணளவைப் பார்த்தே அதில் எது படும், எது நழுவும் என்று சொல்லிவிடுவார்கள். கணிப்பிலும் அதே நியதிதான்: கண்ணைவிடச் சிறிய சுழி கணக்கில் படாது. நமது தொட்டியை 10 சென்ரிமீற்றர்க் கண்களாகப் பிரித்தால் 3 இலட்சம் கண்கள் வரும். ஒரு மடிக்கணினி அதைத் தாங்கும். கண்ணைப் பாதியாக்கினால் எண்ணிக்கை எட்டு மடங்காகி 24 இலட்சமாகும். கண்ணைச் சிறிதாக்கியபோது விடை மாறினால், முதல் விடை தண்ணீரைப் பற்றியதல்ல, வலையைப் பற்றியது. இந்தச் சோதனையைச் செய்யாமல் வண்ணப்படங்களை மட்டும் முன்வைக்கும் அறிக்கையை நம்ப வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

சரி, கண்ணைத் தேவையான அளவுக்குச் சிறிதாக்கிவிட்டால் என்ன? இங்கேதான் கொந்தளிப்பு குறுக்கே வருகிறது. 1883இல் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரில் ஒரு சாய இழையை விட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடியபோது இழை நேராக நின்றது. வேகம் ஓர் எல்லையைக் கடந்ததும் அது சிதறிக் குழாய் முழுவதும் கலந்தது. நமது தொட்டிக்குள் நான்கு இடைச்சுவர்களை வைத்து, நீரை 2 மீற்றர் அகலமான ஐந்து வாய்க்கால்களில் மடக்கி மடக்கி ஓடவிட்டால், அதன் வேகம் செக்கனுக்கு 3 சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. கண்ணால் பார்த்தால் நிற்பதுபோலவே இருக்கும். ஆயினும் பாய்ச்சல் கொந்தளிக்குமா என்பதைக் காட்டும் அதன் ரெனோல்ட்ஸ் எண் ஓர் இலட்சத்தை அண்மிக்கிறது. குழாய்ப் பாய்ச்சலில் கொந்தளிப்புத் தலைகாட்டும் 2,000 என்ற அளவைவிட அது மிக உயர்ந்தது. கலக்கி சுழலும் கலனில் நிலைமை இன்னும் கடுமையானது. ஒரு கிலோகிராம் நீருக்கு 0.01 வாற்று என்ற சாதாரண கலக்கும் வலுவிலேயே மிகச்சிறிய சுழியின் அளவு ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்காகிவிடும். ஒரு கனமீற்றர்க் கலனில் அத்தனை சுழிகளையும் பிடிக்க ஒரு இலட்சம் கோடி கண்கள் தேவை.

அதனால் பொறியியலாளர்கள் சுழிகளைத் தனித்தனியே பின்தொடர்வதைக் கைவிட்டு, அவற்றின் மொத்த விளைவை ஒரு மேலதிகப் பிசுக்குமையாக, அதாவது பாய்ச்சலைத் தடுக்கும் உள் உராய்வாக, மதிப்பிடுகிறார்கள். அதிகம் பயன்படும் கே–எப்சிலன் மாதிரி, கொந்தளிப்பின் சக்தி எவ்வளவு, அது எவ்வளவு வேகமாக அழிகிறது என்ற இரண்டு கணியங்களுக்குச் சமன்பாடு எழுதி, அவற்றிலிருந்து இந்தப் பிசுக்குமையைக் கணிக்கிறது. அதனுள்ளே 0.09, 1.44, 1.92, 1.0, 1.3 என்று ஐந்து மாறிலிகள் இருக்கின்றன. இவை இயற்கை விதிகள் அல்ல. எளிய பாய்ச்சல்களில் அளந்த பெறுபேறுகளோடு பொருந்தும்படி தெரிவுசெய்யப்பட்டவை. நேரான வாய்க்காலில் அவை நன்றாகவே உழைக்கும். இடைச்சுவரின் நுனியைச் சுற்றி நீர் திரும்பி, சுவரை விட்டுப் பிரிந்து, பின்பக்கத்தில் பெருஞ்சுழியாகச் சுற்றும் இடத்தில் அவற்றின் நம்பகம் குறைகிறது. குறுக்குவழியும் தேங்கலும் பிறக்கும் இடமும் அதுவே என்பதால், மாதிரி எங்கே தளர்கிறதோ அங்கேயே நமக்கு அதன் உதவி அதிகம் தேவைப்படுகிறது. இந்தத் துறையில் வேலை செய்பவர் ஒருநாளும் மறக்கக் கூடாத நிலைமை இது.

வேகமான தாக்கங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. பாய்ச்சலைப் பற்றி மட்டும் படித்தவர்கள் அதில் எளிதாக விழுவார்கள். ஒரு வலைக்கண்ணின் இடப்பாதியில் அமிலமும் வலப்பாதியில் எரிசோடாவும் இன்னும் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன என்று கொள்ளுங்கள். கணினிக்கு அந்தக் கண்ணின் சராசரிச் செறிவு மட்டுமே தெரியும். இரண்டும் அங்கே இருக்கின்றன என்று கண்டு, அவை தாக்கமுற்று முடிந்துவிட்டதாகவே அது எழுதிவிடும். உண்மையில் மூலக்கூறுகள் சந்திக்கும்வரை எதுவும் நடப்பதில்லை; நீரில் கரைந்த பொருளின் பரவல் மிக மெதுவானது என்பதால், அந்தச் சந்திப்பு மிகச்சிறிய சுழியின் அளவிலும் முப்பதில் ஒரு பங்கான இழைகளில் நிகழ்கிறது. ஆகவே முதலில் ஒப்பிட வேண்டியவை இரண்டு நேரங்கள்: கலப்பதற்கு எடுக்கும் நேரமும் தாக்கமுறுவதற்கு எடுக்கும் நேரமும். கிருமி நீக்கம் நிமிடக் கணக்கில் நடப்பதால், தொடுகைத் தொட்டியில் இந்தச் சிக்கல் பெரிதாகத் தலையெடுப்பதில்லை. அமிலத்தை எரிசோடாவால் நடுநிலையாக்கும் கலனில் அதுவே முழுச் சிக்கலும் ஆகும். பரந்தனில் இருந்தது போன்ற மின்பகுப்புக் கலமோ மேலும் கடினம்: மின்வாயில் பிறக்கும் வாயுக்குமிழிகள் எழும்போது கரைசலையும் இழுத்துக்கொண்டு எழுவதால், திரவத்தையும் வாயுவையும் இரண்டு பாயிகளாகவே கணக்கிட வேண்டும், ஒன்றை மற்றது எவ்வளவு இழுக்கிறது என்பதற்கு மீண்டும் பரிசோதனையிலிருந்து எடுத்த ஒரு சூத்திரத்தை நம்ப வேண்டும்.

சிறிய கலனில் வெற்றி கண்ட தாக்கத்தைப் பெரிய கலனுக்குக் கொண்டுபோகும்போதும் இந்தக் கணிப்பு உதவுகிறது. ஒரு லீற்றர்க் கலனை அதே வடிவில் ஆயிரம் லீற்றராக்கினால், கனவளவு ஆயிரம் மடங்காகும். வெப்பத்தை வெளியேற்றும் சுவர்ப்பரப்போ நூறு மடங்குதான் கூடும். லீற்றர் ஒன்றுக்குக் கிடைக்கும் குளிர்விப்புப் பரப்பு பத்திலொன்றாகிவிடுகிறது. 2007 டிசம்பர் 19 அன்று, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில், ரி2 ஆய்வுகூடங்கள் என்ற நிறுவனத்தின் கலனில் குளிர்விப்புத் தவறித் தாக்கம் கட்டுமீறியபோது நால்வர் இறந்தனர். கலனின் எந்தப் பகுதி முதலில் சூடேறும் என்று கணிப்பு காட்ட முடியும். குளிர்விக்கும் நீர் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதற்கான ஏற்பாட்டை மனிதர்தான் முன்கூட்டிச் செய்துவைக்க வேண்டும்.

மீண்டும் நமது தொட்டிக்கு வருகிறேன். நூல்களில் வரும் பெரும்பாலான தொடுகைத் தொட்டிக் கணிப்புகள், நீரின் வெப்பநிலை எங்கும் ஒன்றே என்று எடுத்துக்கொள்கின்றன. வன்னியின் வெயிலுக்கு அந்த எளிமையை நான் ஏற்க மாட்டேன். சிறுபோகக் காலத்தில் மட்டம் இறங்கிய குளத்தின் நீர் பகல் முழுவதும் சூடேறுகிறது. இரவு தொட்டியில் தங்கிய நீர் 28 பாகை செல்சியசிலும், பகலில் உள்ளே வரும் நீர் 30 பாகையிலும் இருந்தால், அடர்த்தி வேறுபாடு ஒரு கனமீற்றருக்கு 0.6 கிலோகிராம் அளவே. அது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 3 மீற்றர் ஆழத்தில் அந்த வேறுபாடு எழுப்பக்கூடிய ஓட்டத்தின் வேகம் செக்கனுக்கு 13 சென்ரிமீற்றர் வரிசையில் இருக்கிறது. தொட்டியின் சராசரி வேகமோ 3 சென்ரிமீற்றருக்கும் குறைவு. சூடான நீர் மேற்பரப்பில் ஒரு விரிப்பாகப் பரவி, கீழே கிடக்கும் குளிர்ந்த நீரைத் தொடாமலே வெளிவாயிலுக்கு விரைந்துவிடக்கூடும். காலை ஆறு மணிக்குச் செய்த அளவீடு நன்றாக இருந்து, பிற்பகல் இரண்டு மணிக்கு அதே தொட்டி தவறினால், காரணத்தை முதலில் இங்கே தேட வேண்டும். வெப்பக் கணக்கையும் மிதப்புவிசையையும் சேர்த்துக் கணிப்பது மென்பொருளில் கடினமான வேலையல்ல. அதைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றுவதற்குத்தான் இந்த நிலத்து வெயிலை அறிந்த ஒருவர் தேவை.

கருவிகள் இப்போது எட்டாத தூரத்தில் இல்லை. இம்பீரியல் கல்லூரியில் உருவாகி, 2004இல் திறந்த மூல மென்பொருளாக வெளிவந்த ஓப்பன்ஃபோமை எவரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இயங்குகிறது. ஆலை மீண்டும் எழும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை இது. பெரிய இரசாயனக் கலன்களைப் பற்றிக் கனவு காண்பதற்கு முன், பக்கத்து ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் தொட்டியிலிருந்தே மாணவர்கள் தொடங்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஏனெனில் அங்கே கணிப்பைச் சரிபார்க்க முடியும்.

சரிபார்ப்பதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். டாங்க்வேர்ட்ஸ் சொன்ன தடங்காட்டியாகச் சாதாரண உப்பே போதும். தொட்டியின் பொறுப்பாளரது இசைவோடு, குடிநீரின் சுவையைக் கெடுக்காத அளவில், உப்புக் கரைசலை நுழைவாயிலில் ஒரே தடவையில் சேர்த்து, வெளிவாயிலில் மின்கடத்துதிறன்மானியை வைத்து, நிமிடத்துக்கு ஒரு வாசிப்பை எழுதிக்கொண்டிருந்தால் வளையி தானாக உருவாகும். செறிந்த உப்புநீர் பாரமானது, அடியில் இறங்கி ஊர்ந்துவிடும் என்பதால், அதை முன்கூட்டியே நன்றாக ஐதாக்கிக்கொள்ள வேண்டும். நீரின் சொந்த மின்கடத்துதிறனை முதலில் அளந்து கழிக்க வேண்டும். வன்னியின் கடினமான நீரில் அது சிறிய எண்ணாக இராது. சேர்த்த உப்பு முழுவதும் வெளியே வந்ததா என்று இறுதியில் கூட்டிப் பார்க்க வேண்டும். பிறகு, அதே தொட்டியை, அதே நீரோட்டத்தோடு, அதே வெப்பநிலைகளோடு கணினியில் ஓடவிட்டு, இரண்டு வளையிகளையும் ஒரே தாளில் வரைய வேண்டும்.

அவை முதல் தடவையிலேயே ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அளந்த வளையியின் நீண்ட வால் கணித்ததைவிட முன்னதாகவே முடிந்தால், தொட்டியின் அடியில் வண்டல் படிந்து கொள்ளளவைத் தின்றிருக்கலாம். உப்பு கணித்த நேரத்துக்கு மிக முன்னதாக, சிறியதொரு தனி முகடாகத் தலைகாட்டினால், கொந்தளிப்பு மாதிரியைக் குறைசொல்வதற்கு முன் தொட்டியை வற்றவைத்து இடைச்சுவர்களின் அடியைப் பார்க்க வேண்டும். சுவரும் தளமும் சேரும் இடத்தில் சீமெந்து பெயர்ந்து, விரலளவு இடைவெளி ஒன்று திறந்திருக்கலாம். அது வரைபடத்தில் இல்லாததால் கணினிக்குத் தெரிந்திருக்க வழியில்லை, தண்ணீர் மட்டும் அதைக் கண்டுபிடித்து அவ்வழியே போய்க்கொண்டிருக்கும்.